கிராஸ் ரியாக்‌ஷன்: வால் எந்தப் பக்கம் நீளும்?

மைக்ரோபயாலஜி செய்முறைத் தேர்வுக்கு ஓக்டர்லோனி சோதனையின் (ஜெல்லின் குழிகளிலிருந்து ஆன்டிஜெனும் ஆன்டிபாடியும் பரவி, சந்திக்கும் இடத்தில் கோடாகப் படியும் சோதனை) மூன்று படங்களையும் (கோடுகள் இணைவது, வெட்டிக்கொள்வது, ஒன்று வால்போல் நீள்வது) எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தடுமாற வைப்பது மூன்றாவது படம். இரண்டு கோடுகள் சேரும் இடத்தில் ஒன்று மட்டும் வால்போல் ஏன் நீள்கிறது, எந்தப் பக்கம்?

ஏ ஆன்டிஜெனில் இரண்டு வகை எபிடோப்புகள் (ஆன்டிபாடி பிடிக்கும் இடங்கள்), பி-யில் அவற்றில் முதல் வகை மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ-யை முயலுக்குச் செலுத்தி எடுத்த சீரத்தில் இரண்டு வகைக்கும் ஆன்டிபாடி இருக்கும். பி-யோடு முதல் வகை ஆன்டிபாடி மட்டும் சேர்ந்து கோடாகப் படியும். மற்றதற்கு அங்கே பிடிப்பில்லை. கோட்டைக் கடந்து போய், பரவி வரும் ஏ-யைப் பிடித்துப் படியும். ஆகவே வால் பி-யின் குழியை நோக்கியே நீளும். படம் வரைந்து அம்புக்குறி போட்டுப் பழகுங்கள். வாயால் சொன்னால் குழம்பும்.

செய்முறையில்: 1 சதவீத அகரோஸைப் பஃபரில் தெளிய உருக்கி, 55 டிகிரிக்கு ஆறவிட்டு, குமிழியின்றி ஸ்லைடில் ஊற்றுங்கள். 3 மி.மீ. குழிகள் மூன்று (ஏ, பி, சீரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று), சம தூரத்தில் முக்கோணமாக. குழிக்கு 10 மைக்ரோலிட்டர், வழியக் கூடாது. ஈரப் பஞ்சு வைத்த மூடிய டப்பாவில், 37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம். மதுரைச் சித்திரை வெயிலில் பஞ்சை நனைக்க மறந்தால் காலையில் ஜெல் சுருங்கிக் கிடக்கும்.

இரண்டு ஆன்டிஜென்களின் செறிவும் வெகுவாக வேறுபட்டால் பொய் வால் தோன்றும். கோடே விழாவிட்டால் ‘ஆன்டிபாடி இல்லை’ என்று உடனே எழுதாதீர்கள். ஆன்டிஜென் மிகுந்துவிட்டாலும் கோடாகப் படியும் ஆன்டிஜென்-ஆன்டிபாடி வலைப்பின்னல் உருவாகாது. ஆன்டிஜெனை 1:2, 1:4, 1:8 என நீர்த்துப் பாருங்கள்.

கிராஸ் ரியாக்‌ஷனுக்கு (ஒன்றுக்கு எதிரான ஆன்டிபாடி மற்றொன்றையும் பிடிப்பது) எடுத்துக்காட்டு கேட்டால் நம் பக்கத்து நோய்களையே சொல்லலாம். ஸ்க்ரப் டைபஸ் (சிறு உண்ணி கடித்துப் பரவும் காய்ச்சல்) நோயாளியின் சீரம், சம்பந்தமே இல்லாத புரோட்டியஸ் ஓஎக்ஸ்-கே பாக்டீரியாவைத் திரட்டும். வெய்ல்-ஃபெலிக்ஸ் சோதனையின் அடிப்படையே இந்தப் பொது எபிடோப்தான். திரளவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது; இதைச் சேர்த்து எழுதுங்கள்.

டெங்குவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. இரண்டும் ஃப்ளேவிவைரஸ், உறைப் புரதம் ஒத்திருப்பதால் ஐஜிஜி எலிசாவில் (ஐஜிஜி வகை ஆன்டிபாடியைக் கண்டறியும் சோதனையில்) ஒன்றின் ஆன்டிபாடி மற்றதையும் பிடிக்கும். பிரித்தறிய பிளேக் குறைப்பு நடுநிலையாக்கச் சோதனை (வைரஸ் செல்களைத் தொற்றாமல் சீரம் தடுக்கிறதா என்று பார்ப்பது) வேண்டும். முதல் தொற்றில், தொற்றிய வைரஸுக்கு எதிரான டைட்டரே (சீரத்தின் ஆன்டிபாடி அளவு) பொதுவாக உயர்ந்திருக்கும். முன்பே வேறு ஃப்ளேவிவைரஸ் தாக்கியவரிடம் பழைய வைரஸுக்கான டைட்டர் முந்திக்கொள்ளலாம்.