ஓக்லஹோமா கன்று ஏலம்: பவுண்டு விலையும் உருப்படி விலையும்

அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்து மாட்டுச் சந்தை 1910 முதல் நடக்கிறது. அங்கே ஏலம் கூறுபவர் சொல்லும் எண் நூறு பவுண்டு எடைக்கான விலை, அதாவது சுமார் 45 கிலோவுக்கு. அந்த எண் பெரிதாகக் கேட்டால் போதும் என்று நினைக்கிற பண்ணையாளர்தான் பணத்தை விடுகிறார். பார்க்க வேண்டியது ஓர் உருப்படிக்குக் கையில் எவ்வளவு வருகிறது என்பதை.

கன்று கனக்கக் கனக்க பவுண்டு விலை இறங்கும். இதை ‘ஸ்லைடு’ என்பார்கள். கணக்குக்காக ஓர் உதாரணம்: 450 பவுண்டுக் கன்று நூறு பவுண்டுக்கு 400 டாலர் என்று போனால் 1,800 டாலர். 550 பவுண்டுக் கன்று 355-க்குப் போனால் 1,952.50 டாலர். கூடுதலாக ஏறிய நூறு பவுண்டுக்குக் கிடைத்தது 152.50 டாலர்தான், 355 அல்ல. ஆக, ஏறுகிற ஒவ்வொரு பவுண்டின் மதிப்பு ஒன்றரை டாலர் சொச்சம். தீவனம், மருந்து, வட்டி, சாகிற கன்றின் நஷ்டம் எல்லாம் சேர்த்து ஒரு பவுண்டு ஏற்ற 1.10 டாலர் ஆனால் வைத்திருந்து விற்கலாம். 1.60 ஆனால் உடனே விற்பதே மேல். இந்தக் கழித்தலைப் போடாமல், ஏறிய எடையை 3.55-ஆல் பெருக்கி லாபம் பார்ப்பது மிகப் பரவலான தவறு.

ஸ்லைடு நிலையானதல்ல. மக்காச்சோளம் மலிந்தால் கொழுக்க வைக்கும் பண்ணைகளுக்கு எடை ஏற்றுவது மலிவு. இளங்கன்றுக்குப் போட்டி கூடும், ஸ்லைடு செங்குத்தாகும். மக்காச்சோள விலை ஏறினால் ஏற்கெனவே கனத்த கன்றைத் தேடுவார்கள். ஓக்லஹோமாவில் கோதுமைப் பயிரும் இதில் சேர்கிறது. செப்டம்பரில் விதைத்த கோதுமை நல்ல மழை கண்டு வளர்ந்தால், நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை அதில் கன்று மேய்ப்பார்கள். மழை பொய்த்த ஆண்டில் அந்த வாங்குவோர் ஏலத்துக்கே வரமாட்டார்கள். வசந்தத்தில் பிறந்த கன்றெல்லாம் அக்டோபர், நவம்பரில் ஒன்றாகச் சந்தைக்கு வருவதால் அப்போது விலை வழக்கமாக இறங்கும். நல்ல மழை பெய்த ஆண்டில் கோதுமையில் மேய்ப்பவர்கள் வாங்க வருவது அந்த இறக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும்.

இனி விற்பவர் கையில் இருப்பவை. காயடிக்காத காளைக்கன்றுக்கும் கொம்புள்ள கன்றுக்கும் விலை கழிப்பார்கள். காயடிப்பதையும் கொம்பு நீக்குவதையும் பிறந்த சில வாரங்களிலேயே முடித்துவிடுவது கன்றுக்கும் நல்லது. தாயிடமிருந்து பிரித்த அன்றே லாரி ஏற்றுவது மோசம். கத்திக் கத்தி இளைத்து, வழியில் நுரையீரல் நோய் பிடித்து, வாங்கியவர் பட்டியில் படுக்கும். வாங்குவோர் அந்த நஷ்டத்தை முன்கூட்டியே விலையில் கழித்துவிடுவார்கள். பால் மறக்கடித்து 45 நாள் வைத்து, சுவாச நோய்த் தடுப்பூசியும் சப்பை நோய்த் தடுப்பூசியும் இரண்டு தவணை போட்டு, அதற்கான தாளை ஏலக்களத்தில் முன்பே கொடுத்திருந்தால்தான் கூடுதல் விலை. தாள் வராவிட்டால் ஊசி போட்டதை யாரும் நம்பப் போவதில்லை.

ஒரே நிறம், ஒரே அளவில் இருபது கன்று ஒன்றாக நின்றால், தனித்தனியாக வரும் இருபதைவிட நல்ல விலை. கிடாரிகளைத் தனியே பிரியுங்கள். லாரியில் ஏற்றி இறக்குவதில் 550 பவுண்டுக் கன்று 3 சதவீதம் எடை இழந்தால் 16.5 பவுண்டு, மேலே சொன்ன விலையில் 58 டாலருக்கு மேல். விடியற்காலையில் பதற்றமில்லாமல் ஏற்றுங்கள், கம்பால் குத்தாதீர்கள். இழப்பை ஈடுகட்ட வயிறு முட்டத் தீவனமும் தண்ணீரும் கொடுத்துக் கொண்டுவருவதும் பலிக்காது. வயிறு புடைத்த கன்றை அனுபவமுள்ள கண் கண்டுபிடித்து விலையைக் குறைக்கும்.

2025-இன் உயர்ந்த விலைக்குக் காரணம் பற்றாக்குறை. வறட்சியில் தாய்ப்பசுக்களை விற்றுத் தீர்த்ததில், 2025 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் மொத்த மாடுகள் 8.67 கோடி, 1951-க்குப் பிறகு அதுவரை இல்லாத குறைவு. புண்ணில் முட்டையிடும் ஸ்குரூவார்ம் ஈக்காக மெக்சிகோ கன்றுகள் வருவதையும் 2024 நவம்பரில் நிறுத்தினார்கள்; திறந்த எல்லையை 2025 மே மாதம் மறுபடி மூடினார்கள். ஆனாலும் 2014-இன் விலை உச்சம் 2016-க்குள் எப்படிக் கரைந்தது என்பதை மறக்கக் கூடாது. 2025 அக்டோபரில் அர்ஜென்டினா இறைச்சியை வாங்குவது பற்றி டிரம்ப் பேசியதும் முன்பேர விலை மளமளவென்று சரிந்தது.

இப்படி விலை சரிவதிலிருந்து காத்துக்கொள்ள ஒரு வழி, பின்னால் விற்கும் விலையை இப்போதே உறுதிசெய்யும் முன்பேர ஒப்பந்தம்; அது ஒன்று 50,000 பவுண்டு. முப்பது கன்று உள்ளவரிடம் 16,500 பவுண்டுதான் இருக்கும், அவருக்கு அது பொருந்தாது. எத்தனை உருப்படிக்கும் எடுக்கக்கூடிய, விலை இறங்கினால் ஈடு தரும் எல்ஆர்பி என்ற அரசு மானியக் காப்பீடு அவருக்கு ஏற்றது. அதன் இழப்பீடு உங்கள் கன்று விற்ற விலையைப் பார்த்து வராது, சிகாகோ சந்தையின் கன்று விலைக் குறியீட்டைப் பார்த்தே வரும். கொம்புக்கும் காயடிக்காததற்கும் ஏலத்தில் கழித்த தொகையை அது திருப்பித் தராது.