மணல் போன கடல்

கொழும்பு காலிமுகத்திடலுக்கு முன்னால் கடலை நிரப்பி உருவாக்கிய துறைமுக நகரம் 269 ஹெக்டேர். அதற்குச் சுமார் 6.5 கோடி கன மீட்டர் மணல் போனது. மணல் அள்ளியது நீர்கொழும்புக்கு அப்பாலுள்ள கடலில். அதனால் மீனவர்களின் சண்டையும் கொழும்பில் இல்லை, நீர்கொழும்புக் கரையில்தான் இருந்தது.

2014 செப்டம்பரில் தொடங்கிய வேலை, ஆட்சி மாறியபின் 2015 மார்ச்சில் நின்றது. 2016இல் மறுபடி தொடங்கியபோது மீனவர்களின் கோபம் இரட்டிப்பானது. அந்தச் சமயத்தில்தான் அவர்களுடைய வாழ்வாதாரத்தைப் பதிவு செய்யும் ஒரு சிறிய ஆய்வுக் குழுவில் வேலை செய்தேன். வீட்டுக்குள் தமிழும் வெளியில் சிங்களமும் பேசும் கத்தோலிக்க மீனவர்கள் அங்கே உண்டு. எனக்கு இரண்டும் தெரியும் என்பதால் அனுப்பினார்கள்.

முதல் கூட்டத்தில் வரைபடத்தை மாட்டி, கரையிலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்று விளக்கினோம். ஒரு பெரியவர் எழுந்து வந்து உற்றுப் பார்த்தார்.

"தம்பி, இதில எங்கட பார் எங்க?"

பார் என்றால் மீன் அடையும் பாறைத் திட்டு. ஒன்றுகூட அதில் இல்லை. அவர்கள் ஆழத்தைப் பாகத்தில், அதாவது இரு கை விரித்த நீளத்தில், அளப்பார்கள், இடத்தைக் கோயில் கோபுரத்தையும் தென்னையையும் வைத்துக் குறிப்பார்கள். மறுமுறை வெறும் தாளோடு போனோம். அவர்களே வரைந்தார்கள். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடித்தால், மணல் அள்ளும்போது கிளம்பும் கலங்கல் அதே இடத்தில் நிற்காது என்பதையும் அன்றுதான் சொன்னார்கள். முன்கூட்டியே யாரும் தங்களைக் கேட்கவில்லை என்பதுதான் அவர்களின் முதல் மனத்தாங்கல். நட்ட ஈடெல்லாம் அப்புறம்தான்.

மீனவர்களுக்காக 50 கோடி ரூபாய் நிதி என்று அறிவிப்பு வந்ததும் ஊருக்குள்ளேயே பிளவு. எங்கள் படிவமும் அதற்கு எண்ணெய் ஊற்றியது. 'படகு உரிமையாளர் பெயர்' என்று ஒரு கட்டம் வைத்திருந்தோம். பங்குக்குக் கடலுக்குப் போகிறவருக்கு அதில் இடமில்லை. அந்தப் படிவத்தை அச்சிடுமுன் சரிபார்த்தவன் நான். இன்றும் அது உறுத்துகிறது.

கரையில் தென்னம்நார்ப் பாய் விரித்துக் கருவாடு போடும் அக்கா ஒருவர் சொன்னார்: "எங்களுக்கு போட் இல்ல. மீன் வரல்லையெண்டா எங்கட பாயும் வெறும் பாய்தான்."

தனித் தாள் ஒன்றில் கையால் கோடு போட்டு, பங்குக்காரர்கள், கருவாட்டுப் பெண்கள் என்று எழுதத் தொடங்கினேன். தன் பெயரை எழுதும்வரை பக்கத்திலேயே நின்ற அந்த அக்கா கேட்டார், "இந்தத் தாள் எங்க போகும், தம்பி?"

என் மேலதிகாரியிடம் என்றேன். அதற்குப் பிறகு எங்கே போகும் என்று எனக்கே யாரும் சொல்லியிருக்கவில்லை.