வருத்தம் இல்லாட்டி ஏன் வந்தனீங்கள்?

ஆஸ்பத்திரியில் துண்டு எழுதும் ஜன்னலில் இருந்தவர் என்னிடம் கேட்ட கேள்வி அது. முதலில் "என்ன வருத்தம் அக்கா?" என்றார். "வருத்தம் ஒண்டும் இல்லைத் தம்பி, ஒருக்கா எல்லாம் செக் பண்ணிப் பார்க்க வந்தனான்" என்றேன். "வருத்தம் இல்லாட்டி இஞ்ச ஏன் வந்தனீங்கள்?" என்று சொல்லிக்கொண்டே ஓபீடி (வெளிநோயாளர்) துண்டொன்றை எழுதி நீட்டிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற தாய்மார் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனோ என்று எனக்கே கூச்சமாகிவிட்டது.

அந்தத் துண்டோடு இரண்டேகால் மணித்தியாலம் இருந்தேன். உள்ளே போனபிறகுதான் டொக்டர் சொன்னார், நான் வரவேண்டியது அந்த வரிசைக்கே அல்ல, கட்டடத்தின் கடைசி அறையில் இருக்கும் சுகவாழ்வு நிலையத்துக்கு என்று. அங்கே ஓடிப்போனால் மிஸி (தாதி) மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தார். "இரத்தம் எடுக்கிறது ஒன்பது மணியோட சரி அக்கா. காலமை ஏதும் குடிச்சனீங்களோ?" ஒரு பிளேன்ரீ, இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடித்திருந்தேன். "அப்ப நேரத்துக்கு வந்திருந்தாலும் பிரயோசனம் இல்லை. அடுத்த புதன் வெறுவயிற்றோட வாங்கோ."

எனக்கு 43 வயது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஊர் ஒன்றில் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். எங்களுக்கு வயலும் இருக்கிறது. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், முன்பள்ளிக்கு ஆள் பிடிக்க வேண்டும், இவருக்கும் பிள்ளைக்கும் மத்தியானச் சாப்பாடு வைத்துவிட்டு வர வேண்டும். அப்படி வந்த ஒரு நாள் ஒரு கேள்வியால் வீணானது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

போகிறவர்கள் ஜன்னலில் "செக் பண்ண வந்தனான்" என்று சொல்லாதீர்கள். "சுகவாழ்வு நிலையத்துக்கு வந்தனான்" என்று சொல்லுங்கள். 35 வயது கடந்த யாருக்கும் அது உரியது. வருத்தம் வந்திருக்கத் தேவையில்லை, வரமுதல் பிடிப்பதற்குத்தான் அதை 2011 தொடக்கம் அரச ஆஸ்பத்திரிகளில் திறந்தார்கள். காசும் இல்லை.

அடுத்த புதன்கிழமையும் வீண். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, காலையில் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனேன். வாசலில் நின்ற காவலாளி "இண்டைக்குப் போயா அக்கா, கிளினிக் ஒண்டும் இல்லை" என்றார். பௌர்ணமி விடுமுறை. வீட்டில் நாள்காட்டி தொங்குகிறது, நான் பார்க்கவில்லை. அது என் பிழை. பஸ் நிலையத்துக்கு நடந்து வரும்போது கண் இருண்டது. ஒரு பெட்டிக்கடையில் சோடா ஒன்றை எடுத்துவிட்டேன். போத்தலில் சிவப்பு வட்டம் இருந்தது. 2016இல் கொண்டுவந்த அடையாளம் அது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. எத்தனையோ நாள் அந்த வட்டத்தைக் கண்டிருக்கிறேன், அன்றுதான் நின்று வாசித்தேன். வைத்துவிட்டு இரண்டு வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட்டேன். வெறுவயிற்றோடு போகிறவர்கள் பையில் கட்டாயம் ஏதாவது சாப்பாடு வைத்திருங்கள். இரத்தம் கொடுத்த உடனே சாப்பிடலாம்.

மூன்றாவது தடவை எல்லாம் சரியாக அமைந்தது. உயரம், நிறை, இடுப்பளவு எல்லாம் கால் மணித்தியாலத்தில் முடிந்தது. 154 சென்ரிமீற்றர், 66 கிலோ, இடுப்பு 91. எங்களைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு இடுப்பு 80ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும், ஆண்களுக்கு 90. நிறையைவிட இந்த அளவைத்தான் மிஸி பெரிதாக எடுத்தார். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புத்தான் சீனி வருத்தத்துக்கும் மாரடைப்புக்கும் வழி விடுகிறதாம்.

பிரஷரில் ஒரு சின்னப் போராட்டம். பஸ்ஸால் இறங்கி வேகமாக நடந்து வந்த சூட்டோடு பார்த்ததில் 158க்கு 98. கொப்பியில் எழுதப் பேனையை எடுத்துவிட்டார்கள். "மிஸி, இப்பதான் ஓடி வந்தனான், கொஞ்சம் இருந்திட்டுப் பார்ப்பமோ?" என்று கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், இல்லை. கதிரையில் சாய்ந்து, காலைக் குறுக்கே போடாமல், கையை மேசையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் கதைக்காமல் இருக்கச் சொன்னார். பிறகு பார்த்தால் 136க்கு 86. எல்லை 140க்கு 90. அந்தப் பத்து நிமிடத்தை நான் கேட்டு வாங்கியிருக்காவிட்டால் கொப்பியின் முதல் வரியே பிழையாக ஏறியிருக்கும். வெட்கப்படாமல் கேளுங்கள். மூத்திரம் அடக்கிக்கொண்டு இருந்தாலும் பிரஷர் கூடிக் காட்டும், போய்விட்டு வந்து இருங்கள்.

விரலில் குத்திப் பார்த்த சீனி 117. 100க்குக் கீழே இருந்தால் பயமில்லை, 126க்கு மேலே போனால் நீரிழிவு. நான் நடுவில் நிற்கிறேன்.

அதன் பிறகு ஒரு படிவம். "அப்பாவுக்குச் சீனி, பிரஷர், மாரடைப்பு ஏதும் இருந்ததோ?" என்று கேட்டார் மிஸி. 2009இல் யுத்தத்தில் செல் பட்டு அப்பா போனபோது அவருக்கு 51 வயது. அவருக்குச் சீனி வந்திருக்குமா, நெஞ்சுவலி வந்திருக்குமா, எனக்குத் தெரியாது. "சகோதரங்கள்?" அண்ணா எங்கே என்றே தெரியாது. பெரியப்பாவும் அத்தையும் அதே வருடம்தான். அம்மாவுக்கு மட்டும் பிரஷர் இருக்கிறது, அவவின் பழைய கிளினிக் கொப்பியும் இடம்பெயர்வோடு போய்விட்டது. நான் சொல்லச் சொல்ல மிஸி பேனையைக் கீழே வைத்துவிட்டார். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். கொஞ்ச நேரம் கழித்து, "தெரியாத இடத்தில நாங்கள் இல்லை எண்டு போடுறதில்லை அக்கா. இருக்கு எண்டு நினைச்சுக்கொண்டுதான் உங்களைப் பார்ப்பம்" என்றார். எங்கள் வன்னியில் எத்தனை வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும்? தெரியாதென்றால் தெரியாது என்றே சொல்லுங்கள். "ஒருத்தருக்கும் இல்லை" என்று சும்மா சொல்லிவிட்டால் உங்கள் ஆபத்தைக் குறைத்துக் கணித்துவிடுவார்கள்.

டொக்டர் கேட்டதில் ஒன்று எனக்குப் புதிது. முழங்கால் நோவுக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் குளிசையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். வாரத்தில் மூன்று நாலு போடுவேன் என்றதும் முகம் மாறிவிட்டது. நோக் குளிசைகள் பல நாள் போட்டால் சிறுநீரகத்தைத் தாக்கும் என்று சொல்லி, கிரியற்றினின் என்ற இரத்தப் பரிசோதனையையும் எழுதினார். அன்று கொலஸ்ட்ரோல் பார்க்கும் பொருளும் முடிந்திருந்தது. இரண்டையும் வெளியே எடுத்து வரச் சொன்னார்கள்.

மறுநாள் காலை கிளிநொச்சிக்குப் போய்த் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் இரத்தம் கொடுத்தேன். பின்னேரம் நாலு மணிக்குக் கவர் கையில் வந்தது. பஸ்ஸில் இருந்து பிரித்தேன். கொலஸ்ட்ரோல் 187. அதற்குக் கீழே கிரியற்றினின் 2.8. பக்கத்தில் அச்சடித்திருந்த சாதாரண அளவு 1.3 வரைதான்.

கண்ணுக்கு முன்னால் வவுனியாவில் இருக்கும் சின்னமாமாதான் வந்தார். வயல்காரர், சீனி இல்லை, பிரஷர் இல்லை, சிறுநீரகம் மட்டும் போய்விட்டது. அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் காரணம் இன்னதென்று உறுதியாகாமல் விவசாயிகளைப் பிடிக்கிறதே, அதே நோய் என்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறார். அன்றிரவு நான் படுக்கவில்லை. இவருக்கும் சொல்லவில்லை. மகளின் சாதாரண தரப் பரீட்சையும் வயலுக்கு எடுத்த கடனும் ஒன்றன்பின் ஒன்றாக மனதில் ஓடிக்கொண்டே இருந்தன.

விடிய ஐந்து மணிக்கு மகள் படிக்க எழும்பியவள், நான் குசினியில் விளக்குப் போட்டுக்கொண்டு அந்தத் தாளோடு இருப்பதைக் கண்டுவிட்டாள். கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். "அம்மா, இதில வயசு 67 எண்டு கிடக்கு. ஆண் எண்டும் கிடக்கு."

பெயரை நானும் பார்த்தேன்தானே, சரியாகத்தானே இருந்தது! மறுபடி பார்த்தேன். தலைப்பெழுத்து ஒன்று. பெயரும் முடிவைத் தவிர எல்லாம் ஒன்று. எனக்கு "ரி" என்று முடிவது அதில் "ரன்" என்று முடிந்தது.

நெஞ்சில் இருந்த கல் இறங்கியது உண்மைதான். ஆனால் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கும்போதே அடுத்த எண்ணம் வந்துவிட்டது. என் தாள் அந்த ஐயாவிடம் இருக்கும். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் வீட்டில் இருப்பார். முன்பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அதே ஆறு மணி பஸ்ஸில் ஏறினேன்.

ஆய்வுகூடத்தில் இருந்த பிள்ளை, "எங்களில பிழை இல்லை அன்ரி, நீங்கள்தான் கவரை மாறி எடுத்திருப்பீங்கள்" என்றது. கவரை நான் எடுக்கவில்லை, அவர்கள்தான் தந்தார்கள். அதைச் சொல்லிச் சண்டை பிடிக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. "சரி பிள்ளை, ஆர்ட பிழையாவும் இருக்கட்டும். அந்த ஐயான்ர போன் நம்பர் உங்களிட்ட இருக்கும். இப்ப எனக்கு முன்னால எடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். முதலாளி வரட்டும் என்றார்கள். நான் எழும்பவில்லை. ஒன்பதரைக்கு வந்தார், பதிவைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் போனை எடுத்தார். மருமகள் போலிருக்கிறது, எடுத்தவர் உரத்துக் கதைத்தது எனக்கும் கேட்டது. டொக்டரிடம் காட்ட ஐயா இன்னும் போகவில்லை, நாளைக்குத்தான் போக இருந்தாராம். தாளை மாற்றி வாங்க மகனை உடனே அனுப்புவதாகச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் என்னுடைய தாளை அச்சடித்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கொலஸ்ட்ரோல் 221, 200க்குள் இருக்க வேண்டியது. கிரியற்றினின் 0.8.

அறிக்கை எடுத்தால் இலக்கத்தைப் பார்க்க முதல் பெயரைக் கடைசி எழுத்து வரை வாசியுங்கள். பிறகு வயது, ஆணா பெண்ணா, இரத்தம் கொடுத்த திகதி. நாலும் பொருந்தினால் மட்டும் கீழே போங்கள். கொப்பியோடு எல்லாத் தாளையும் போனில் படம் பிடித்தும் வைத்திருக்கிறேன். எங்கள் ஆட்களுக்குத் தாள் தொலைவது என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

நாலாவது தடவை போனபோது டொக்டர் மருந்து எழுதவில்லை. மூன்று மாதம் தருகிறேன், நடவுங்கள், சீனியையும் சோற்றையும் குறையுங்கள் என்றார். "நாள் முழுக்க நிண்டு வேலை செய்யிறன் டொக்டர்" என்றேன். நிற்பது வேறு, மூச்சு வாங்க நடப்பது வேறு என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான். யுத்தத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் வன்னி முழுக்கச் சைக்கிள் உழக்கித் திரிந்த ஆட்கள் நாங்கள். இப்போது கடைக்கும் மோட்டார் சைக்கிள்தான்.

வாரத்தில் 150 நிமிடம், அதாவது அரை மணித்தியாலம் ஐந்து நாள். குளக்கட்டில் நடக்கிறேன். யானை நடமாட்டம் இருப்பதால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் போவேன். முதல் வாரம் "எங்க இவ்வளவு அவசரமாப் போறீர்?" என்று கேட்காத ஆள் இல்லை. இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டு அக்காவும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டா. தேத்தண்ணி ஒரு நாளைக்கு ஐந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி என்று 40 கிராமுக்கு மேல் சீனி போய்க்கொண்டிருந்தது. இப்போது இரண்டு தேத்தண்ணி, அரைக் கரண்டி. சோற்றை ஒரு கோப்பையால் அளந்து போட்டுவிட்டு, சாப்பாட்டுத் தட்டின் பாதியை முருங்கையிலை வறையும் கத்தரிக்காயும் பிடிக்கும்படி வைக்கிறேன். கருவாடும் ஊறுகாயும் ஒரே நாளில் வராது. நோக் குளிசை நின்றுவிட்டது. நிறை குறையக் குறைய முழங்காலும் சொன்னபடி கேட்கிறது.

நித்திரைதான் இன்னும் முழுதாக வரவில்லை. அந்தப் படிவத்தில் அதையும் கேட்டார்கள், நான் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது பொய். அடுத்தமுறை உள்ளதைச் சொல்லப் போகிறேன்.

மூன்று மாதம் கழித்துப் போனவாரம் பார்த்தது: நிறை 62, இடுப்பு 87, சீனி 104. மிஸி கொப்பியில் எழுதிவிட்டு, பழைய வரிக்கும் புது வரிக்கும் நடுவில் விரலை வைத்து எனக்குக் காட்டினார். துண்டு எழுதும் ஜன்னலில் அதே தம்பிதான் இருந்தார். "சுகவாழ்வு நிலையம்" என்று நான் சொல்லி முடிக்க முதலே எழுதி நீட்டினார். அடுத்த திகதி ஆறு மாதத்தில் ஒரு புதன்கிழமை. போயா இல்லை, நாள்காட்டியில் பார்த்துவிட்டேன்.