காலிசெய்யச் சொன்ன இடத்திலேயே குத்தகை வாங்கிய கதை

அரசு நிலத்தில் வீடு போட்டு, எப்போது நோட்டீஸ் வருமோ என்ற பயத்திலேயே வருடங்களை ஓட்டியவர்கள் நாங்கள். இப்போது அதே நிலம், கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் நீண்டகாலக் குத்தகையாக எங்களிடம் இருக்கிறது. இதே முயற்சியில் இருப்பவர்கள் எப்படி நடந்தது என்று கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கணக்கெடுப்பு. அலுவலகப் பட்டியலில் எங்கள் குடும்பங்களில் பாதிகூட இல்லை. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் மாற்றிடமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. 1985இல் மும்பை நடைபாதைவாசிகளை ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்பு கணக்கெடுத்த பிறகுதான், இப்படி மக்களே தங்களை எண்ணிக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளுக்கும் பரவியது. நாங்களும் அதைத்தான் செய்தோம். கதவில் சாக்பீஸ் எண், டேப்பின் இரு முனையிலும் ஆள், நோட்டோடு ஒருவர். இரவில் சந்து சந்தாக உட்கார்ந்து பட்டியலைச் சத்தமாக வாசிப்போம். "அந்த வீட்டுல அப்படி ஒருத்தரும் இல்லையே" என்று உடனே குரல் வரும். எந்த அதிகாரியாலும் அவ்வளவு கறாராகச் சரிபார்க்க முடியாது.

பெரிய சண்டை வாடகைக்காரர்களை வைத்துத்தான். வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தவர், அத்தனையும் தன் பெயரில் வர வேண்டும் என்றார். குடியிருக்கும் குடும்பத்துக்கு ஒரு மனை, யாருக்கும் இரண்டு கிடையாது என்று கூட்டத்தில் முடிவானது. அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஆனால் வாடகைக்காரர்களை ஒதுக்கியிருந்தால் எங்களில் பாதிப் பேர் அன்றே எதிர்த்தரப்புக்குப் போயிருப்பார்கள்.

நடுவில் அதிகாரிகள், நகருக்கு வெளியே அடுக்குமாடி தருகிறோம் என்றார்கள். வீட்டுவேலைக்கும் கூலிவேலைக்கும் போகிறவர்களுக்கு அது வீடல்ல, பயணச் செலவு. சிலி நாட்டின் இக்கிகே நகரத்தில் கின்டா மொன்ராய் குடியிருப்பின் படங்களை அரசுப் பொறியாளரிடம் காட்டினோம். 2004இல் அங்கே குடும்பங்கள் இருந்த இடத்திலேயே பாதி வீடாகக் கட்டிக்கொடுத்தார்கள், மீதியை அவரவர் கட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் பேச்சு அடுக்குமாடியை விட்டு மனைக்குத் திரும்பியது.

மனை பிரிக்கும் வேலை சொன்ன அளவுக்கு மோசமில்லை. சுண்ணாம்புக் கோடு போட்டு, தீயணைப்பு வண்டி நுழைய வழி விட்டு, அதில் வீட்டை இழந்தவர்களுக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தோம்.

தனித்தனிப் பத்திரம் வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் கேட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விலை ஏறியதும் தரகர்கள் ஒவ்வொரு கதவாகத் தட்டுவார்கள், கடனில் இருப்பவர் முதலில் விற்பார். 2003இல் தாய்லாந்து தொடங்கிய பான் மன்கோங் என்ற குடிசைவாசிகளுக்கான வீட்டுத் திட்டத்தில் கடன் தனிநபருக்கு இல்லை, குழுவுக்குத்தான். அந்த வழியில் சங்கத்தின் பெயரில் குத்தகை, வீட்டு உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் என்று முடித்தோம்.

வெளியேறுகிறவர் வீட்டைச் சங்கத்துக்கே, கட்டுமானச் செலவுக் கணக்கில், திருப்பித்தர வேண்டும் என்ற ஒரு வரிக்காகக் கடைசிவரை மல்லுக்கட்டினோம். அதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத வைத்துவிடுங்கள். அப்புறம் திருத்தம் என்று போனால் கோப்பைத் திறக்கவே ஆள் கிடைக்காது.