0.38 ஆம்பியர்

மார்ச் 4
கார் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரே சத்தம். பால்காரர், எதிர்வீட்டுப் பையன், லுங்கியோடு நான். தெருமுனை வரை தள்ளினோம்.

மார்ச் 5
பேட்டரி மாற்றி இருபது நாள்கூட ஆகவில்லை. மீட்டரில் 11.7 வோல்ட், 12.6 இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 14.1, ஆகவே சார்ஜ் ஏறுகிறது. “பேட்டரியில ஒண்ணும் இல்ல சார், வண்டிதான் குடிக்குது” என்றார் கடைக்காரர். எது குடிக்கிறது என்று சொல்ல அவருக்கு நேரமில்லை.

மார்ச் 6
அப்பாவின் வலது கை விரல் இன்றைக்கும் அசையவில்லை.

மார்ச் 7
தூக்கம் வராததால் இறங்கிப் போனேன். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி நடுவில் கோத்தேன். சாவி எடுத்தாயிற்று, கதவுகளும் டிக்கியும் மூடியாயிற்று. 0.40. தூங்குகிற வண்டி 0.05-க்கு மேல் இழுக்கக் கூடாது. ஸ்டீரியோ ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.38. ஹாரன், வைப்பர், உள்விளக்கு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சாப்பாட்டுத் தட்டில் வரிசையாக வைத்தேன். அசையவில்லை. சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் டயோடு போய்க் கரண்ட் கசிகிறதோ என்று அதன் தடித்த ஒயரையும் கழற்றினேன். அப்போதும் 0.38.

அப்படியானால் ஃபியூஸைத் தொடாமல் பேட்டரியிலிருந்து நேராக எதுவோ போகிறது. கணக்குப் போட்டேன்: ஒரு நாளைக்கு 9 ஆம்பியர்-அவர். பேட்டரி 35. நாலாவது நாள் காலி.

டாக்டரும் நாலு நாள் பார்க்கலாம் என்றுதான் சொன்னார்.

மார்ச் 8
இது வேறு வம்பு. பிரேக் மிதித்தால் இடது இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. எர்த் சரியில்லாவிட்டால் கரண்ட் வேறு பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கும். டெயில் லேம்ப் பின்னால் எர்த் போல்ட்டில் பச்சைப் பூஞ்சணம் மாதிரி களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் சரியாகிவிட்டது. இருட்டிவிட்டதால் அப்பா மாட்டிய டிக்கி விளக்கு வெளிச்சத்தில்தான் வேலை முடிந்தது. பழைய ஃபிரிட்ஜ் கதவு ஸ்விட்ச், துணி டேப், அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. என்ன பொறுமை இந்த மனுஷனுக்கு!

ராத்திரி மீட்டர் வைத்தேன். 0.38.

மார்ச் 9
கண்ணைத் திறந்து “வண்டி?” என்றார். ஐந்து நாளில் முதல் வார்த்தை.
“நல்லா ஓடுதுப்பா.”
இரண்டு பஸ் மாறி வந்ததைச் சொல்லவில்லை.

மார்ச் 10
0.38. 0.38. அம்மா என்னிடம் ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. கோபித்துக்கொண்டாள்.

மார்ச் 11, ராத்திரி 2.20
தெருவில் கரண்ட் இல்லை. டெர்மினலைக் கழற்ற மறந்ததால் இறங்கினேன். இருட்டில் வண்டியின் பின்பக்கம், டிக்கி மூடியின் ரப்பர் விரிசலில், நூல் மாதிரி மஞ்சள் கோடு.

மூடியில் ஸ்விட்ச்சை அழுத்துவதற்காக அவர் ஒட்டியிருந்த ரப்பர் துண்டு உதிர்ந்து, ஸ்டெப்னிக்கு அடியில் கிடக்கிறது. மூடினாலும் விளக்கு அணைவதில்லை. 5 வாட் பல்பு. ஒயர் பேட்டரியிலிருந்து நேராக, நடுவில் ஃபியூஸே இல்லாமல். எனக்கு எத்தனை தடவை ஃபியூஸ் பாடம் எடுத்திருக்கிறார்!

ஒயரை வெட்ட மனசு வரவில்லை. பல்பை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் சுடுகிறது.

மார்ச் 12
ஒரே திருகில் ஸ்டார்ட். பல்பைக் காட்டலாம் என்று ஆறு மணிக்கே வந்துவிட்டேன். கட்டிலில் வேறு யாரோ. எந்த வார்டுக்கு மாற்றினார்கள் என்று நர்ஸ் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்