வலென்சியாவில் ஒரு வியாழக்கிழமை

ஸ்பெயினின் வலென்சியாவுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், அது வியாழக்கிழமையாக இருக்கட்டும். காரணம் நண்பகலில் தெரியும்.

காலை ஒன்பது மணிக்கெல்லாம் மெர்காதோ சென்ட்ரலுக்குப் போய்விடுங்கள். 1928-இல் திறந்த சந்தை இது. பிற்பகல் மூன்று மணியோடு கடைகள் மூடிவிடும், ஞாயிறு விடுமுறை. பழத்தை அமுக்கிப் பார்க்கக் கூடாது, கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். வரிசை என்று யாரும் நிற்க மாட்டார்கள், ஆனால் முறை உண்டு. “கியென் எஸ் எல் ஊல்திமோ?” என்று கேளுங்கள். கடைசியாக வந்தவர் தலையாட்டுவார். அவருக்கு அடுத்து நீங்கள்.

இங்கே வாங்க வேண்டியது குங்குமப்பூ. அதன் பக்கத்திலேயே மலிவான மஞ்சள் பொடிப் பொட்டலங்களும் இருக்கும். அட்டையில் ‘கொலொரான்தே’ என்று போட்டிருந்தால் அது வெறும் சாயம். பொடியாக வாங்காமல் இழையாகவே வாங்குங்கள். நாலு இழையை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் அசல் பூ மெல்ல மெல்லத்தான் நிறம் விடும், தண்ணீர் மஞ்சளான பிறகும் இழை சிவப்பாகவே இருக்கும். போட்டதுமே தண்ணீர் சிவந்து இழை வெளுத்தால் சாயம் ஏற்றியது. ஒரு கிராம் டப்பா வீட்டுச் சமையலுக்குப் பல தடவை வரும். பயேயா என்னும் இவ்வூர் அரிசி உணவைச் செய்யும் வாணலி வாங்குவதானால், மெருகிட்ட இரும்புச் சட்டியைக் கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாளே துரு. அந்தப் பொறுமை இல்லாதவர்கள் எனாமல் பூசியதை எடுக்கலாம்.

சந்தைக்கு எதிரே லோன்ஹா, பழைய பட்டு வணிக மண்டபம். 1482-இல் தொடங்கிய கட்டுமானம், 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கயிறு திரித்தது போல் முறுக்கிக்கொண்டு கூரை வரை ஏறும் தூண்களைப் பார்த்துவிட்டு, சுவரைச் சுற்றி ஓடும் லத்தீன் வரியையும் கவனியுங்கள். பொய் சொல்லாமல், வட்டிக்கு விடாமல் வியாபாரம் செய்பவன் செல்வமும் நித்திய வாழ்வும் பெறுவான் என்கிறது.

பன்னிரண்டு அடிக்கச் சற்று முன்னதாகவே பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்கு வந்துவிடுங்கள். பாசனத் தண்ணீர்த் தகராறுகளைத் தீர்க்கும் தண்ணீர் நீதிமன்றம் வியாழன்தோறும் நண்பகலில் கூடும் இடம் அதுதான். வாய்க்கால் பாசனக்காரர்கள் தேர்ந்தெடுத்த விவசாயிகளே நீதிபதிகள். கறுப்பு அங்கியோடு வந்து நாற்காலியில் அமர்வார்கள். ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் கூவி, புகார் உண்டா என்று கேட்பார்கள். எல்லாம் வாய்மொழி, வலென்சிய மொழியில். புகார் இல்லையென்றால் சில நிமிடங்களில் கலைந்துவிடும். அதனால் ஐந்து நிமிடம் தாமதமானாலும் ஒன்றும் மிஞ்சாது. பிறகு பக்கத்திலேயே மிகலேத் கோபுரம்: 207 படிகள், குறுகலான சுழல்படி. முழங்கால் வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம்.

சாப்பாடு இரண்டு மணிக்கு. பயேயா இங்கே மதிய உணவு, இரவில் தேடாதீர்கள். பெரும்பாலும் இரண்டு பேருக்குக் குறைந்து செய்ய மாட்டார்கள், முன்பதிவின்போதே சொல்லிவைப்பது நல்லது. வாசலில் பல வகைப் பயேயாவின் அச்சிட்ட படங்கள் வரிசையாக இருந்தால் அநேகமாக உறைய வைத்த சரக்கு, அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். ஊர் முறைப்படி கோழி, முயல், பட்டையான பச்சை பீன்ஸ், கர்ரொஃபோ என்னும் பெரிய வெள்ளை அவரை. கடல் உணவு சேர்த்தது வேறு வகை. சைவர்கள் காய்கறிப் பயேயா என்ற பெயரை மட்டும் நம்பாமல், ‘கால்தோ’, அதாவது சாறு, எதில் வைத்தது என்று கேளுங்கள். கறிச் சாறாக இருக்கலாம். அரிசி போட்டபின் கிளறுவதில்லை. சாறு வற்றியதும் எண்ணெயில் அடி முறுகி, பொன்னிறப் பொறுக்காகும். அதுதான் சொக்கர்ராத். கரண்டியால் சுரண்டிச் சாப்பிடுங்கள், தயங்க வேண்டாம். கசந்தால் மட்டும் அது தீய்ந்தது.

இரண்டிலிருந்து ஐந்து வரை சிறு கடைகள் மூடியிருக்கும்; கொலோன் தெருவின் பெரிய கடைகள் திறந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி ‘தீவா’ என்னும், வரியைத் திரும்பப் பெறும் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே அதை இயந்திரத்தில் காட்ட வேண்டும்.

ஐந்தரைக்கு ஓர்சாத்தா குடிக்கலாம். சூஃபா கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்தது, பால் கிடையாது. ஃபார்த்தோன் என்னும் நீள பன்னை அதில் முக்கித் தின்பார்கள்.

பிறகு துரியா பூங்காவில் இறங்கிக் கிழக்கே நடங்கள். 1957 அக்டோபர் வெள்ளத்துக்குப் பின் துரியா ஆற்றை ஊருக்குத் தெற்கே திருப்பிவிட்டு, பழைய படுகையைப் பூங்காவாக்கினார்கள். பழைய பாலங்கள் இன்னும் தலைக்கு மேலே நிற்கின்றன. செர்ரானோஸ் வாயிலிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடந்தால் கட்டிடக் கலைஞர் சான்டியாகோ கலத்ராவா பெரும்பகுதியை வடிவமைத்த ‘கலை, அறிவியல் நகரம்’ என்னும் கட்டிட வளாகம். வெளியே சுற்றிப் பார்க்கக் கட்டணமில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்பது மணிக்குக் கிளம்பினால் போதும். அதற்கு முன் பல உணவகங்களில் அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டார்கள்.