ஸ்டார்ட் ஆனால் போதுமா? எங்கள் செஸ்னா 172-க்குப் புது பேட்டரி

எங்கள் நான்கு இருக்கைச் சிறு விமானமான செஸ்னா 172எம்-இன் பழைய பேட்டரி இந்த ஆண்டுச் சோதனையில் தேறவில்லை. ஆனால் அதே பேட்டரிதான் அன்று காலை வரை ப்ரொப்பெல்லரைத் தயக்கமே இல்லாமல் சுழற்றிக்கொண்டிருந்தது. விமானத்தில் என்னோடு பங்கு வைத்திருக்கும் நண்பர், "நல்லாத்தானே ஸ்டார்ட் ஆகுது, இன்னும் ஒரு வருஷம் ஓட்டிடலாமே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஸ்டார்ட்டர் 250 ஆம்பியர் இழுக்கிறது, ஐந்து வினாடியில் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் செலவாவது 0.35 ஆம்பியர்-அவர் (ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் இழுத்தால் ஒரு ஆம்பியர்-அவர்). 33 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இது நூற்றில் ஒரு பங்கு. கொள்ளளவில் பாதியை இழந்த பேட்டரிகூட இந்த வேலையைச் செய்துவிடும். அதனால் ஸ்டார்ட் ஆவதை வைத்து உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லவே முடியாது.

எஞ்சின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் அதற்கு பேட்டரி தேவையும் இல்லை, தானே தீப்பொறிக்கு மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ பார்த்துக்கொள்ளும். பேட்டரி உண்மையில் தேவைப்படுவது, எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வானத்தில் கைவிடும் நாளில். புதிய சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில் இதற்கென்றே ஒரு பிரிவு வந்தது: ஆல்டர்னேட்டர் போன பிறகு, பத்திரமாகத் தரையிறங்கத் தேவையான கருவிகளுக்கு பேட்டரி குறைந்தது 30 நிமிடம் மின்சாரம் தர வேண்டும் என்றது அது. எங்கள் 172எம் அதற்கு முந்தைய விதிகளில் சான்று பெற்றது. இருந்தாலும் அந்த 30 நிமிடத்தை நான் எங்களுக்கும் விதியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இரவில், மேகத்துக்குக் கீழே, பழைய குண்டு பல்புகளோடு பறக்கும்போது என்ன ஓடுகிறது என்று பாருங்கள். நேவிகேஷன் விளக்குகள் மூன்றும் சேர்ந்து ஐந்து, ஆறு ஆம்பியர். லேண்டிங் லைட் ஏழு, எட்டு. ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் ஒன்றோ இரண்டோ. ரேடியோ கேட்கும்போது குறைவுதான். பேசும்போது சட்டென்று ஏறும். மாஸ்டர் கான்டாக்டரின், அதாவது மாஸ்டர் சுவிட்சைப் போட்டதும் பேட்டரியை இணைக்கும் ரிலேயின், கம்பிச் சுருள் மட்டுமே ஏறக்குறைய ஒரு ஆம்பியர் தின்னும், இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எல்லாம் கூட்டினால் இருபது ஆம்பியரை நெருங்குகிறது. எங்கள் பேனலில் ஆல்டர்னேட்டர் போனதை முதலில் காட்டுவது அம்மீட்டர் முள். அதைக் கவனிக்கும் வரை இந்த இருபதும் பேட்டரியிலிருந்தே போகும்.

அதனால்தான் கப்பாசிட்டி டெஸ்ட். பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, ஆறவிட்டு, ஒரு மணி நேரக் கொள்ளளவு எவ்வளவோ அத்தனை ஆம்பியரை (33 ஆம்பியர்-அவர் என்றால் 33 ஆம்பியர்) விடாமல் இழுக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான் மதிப்பெண். 60 நிமிடம் என்றால் முழுக் கொள்ளளவு. 51 நிமிடம் என்றால் 85 சதவீதம். அதற்குக் கீழே போனால் அந்த பேட்டரி பறக்கத் தகுதியற்றது. எங்களுடையது அந்தக் கோட்டைத் தொடவில்லை. நண்பர் மீட்டரைப் பக்கத்திலிருந்து பார்த்தார், அப்புறம் கேள்வி கேட்கவில்லை.

சரி, எதை வாங்குவது?

திரவ அமிலம் உள்ள பழைய வகை ஈய பேட்டரி விலை குறைவு. ஆனால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஆவியும் கசிவும் பெட்டியை அரிக்கும். எஞ்சின் அறைச் சுவரில் அமில அரிப்பைப் பார்த்த பிறகு அந்தப் பக்கம் போக எனக்கு மனமில்லை.

லித்தியத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்களைத் தரையில் நிறுத்திய பேட்டரி சம்பவங்களைச் சொல்லி பலர் பயமுறுத்துகிறார்கள். அது லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. இப்போது சிறு விமானங்களுக்கு எர்த்எக்ஸ் போன்ற நிறுவனங்கள் தருவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், வெப்பத்தில் அதைவிட நிலையானது. அந்தப் பயம் எனக்கு இல்லை. என் தயக்கம் வேறு. எங்கள் பேட்டரி இருப்பது ஃபயர்வாலுக்கு (எஞ்சினையும் விமானி அறையையும் பிரிக்கும் சுவர்) முன்னால், எஞ்சினின் சூட்டில். லித்தியத்துக்கு அந்தச் சூடு ஆகாது. தனியாகக் காற்றுக்குழாய் வைத்துக் குளிர்விக்க வேண்டிவரும். அடுத்தது எடை. பத்து கிலோ குறையும் என்பதைக் கேட்டதும் எல்லோரும் மகிழ்கிறார்கள், ஆனால் அது மூக்கிலிருந்து குறைகிறது. ஈர்ப்பு மையம் பின்னால் நகரும். முன்னால் இருவர் மட்டும் பறந்தால் அதுவே நல்லது. நாங்கள் பின் இருக்கையையும் சாமான் அறையையும் நிரப்பிப் பறப்பவர்கள்.

எல்லாவற்றையும்விட ஆம்பியர்-அவர் முக்கியம். அளவில் சிறிய லித்தியம் பேட்டரி ஸ்டார்ட்டரை இடிபோலச் சுழற்றும், ஆனால் பல மாடல்களில் ஒரு மணி நேரக் கொள்ளளவு ஈய பேட்டரியில் பாதிதான் இருக்கும். இங்கே இன்னொரு எச்சரிக்கை: விமான பேட்டரியில் எழுதியிருப்பது ஒரு மணி நேரக் கணக்கு. மோட்டார் சைக்கிள் வகை பேட்டரிகளில் பத்து அல்லது இருபது மணி நேரக் கணக்கு. ஈய பேட்டரியில் மெதுவாக இழுத்தால் அதிகம் கிடைக்கும், வேகமாக இழுத்தால் குறையும். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது.

கடைசியில் கான்கார்ட் ஆர்ஜி-35ஏஎக்ஸ்சி வாங்கினோம். ஏஜிஎம் வகை ஈய பேட்டரி, 33 ஆம்பியர்-அவர். அமிலம் கண்ணாடி இழைப் பாய்க்குள் ஊறி நிற்பதால் சிந்தாது. இந்த விமானத்துக்கு ஒப்புதல் உள்ளதா என்பதை வாங்கும் முன்பே மெக்கானிக்கிடம் காகிதத்தோடு உறுதி செய்துகொண்டோம். அமெரிக்க விதியில் பேட்டரி மாற்றுவது உரிமையாளரான விமானியே செய்யக்கூடிய வேலை. எல்லா நாட்டிலும் அப்படியில்லை, கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். எங்கள் மெக்கானிக் பக்கத்தில் நின்றார், வேலையை நான் செய்தேன்.

மாஸ்டர் சுவிட்சை அணைத்து, மேக்னெட்டோ சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் எஞ்சின் மூடியான கௌலிங்கைத் திறந்தேன். முதலில் நெகட்டிவ் கேபிள். திரும்ப மாட்டும்போது அதுவே கடைசி. பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனரின் மறுமுனை விமான உடலில் பட்ட நொடியில் முழு பேட்டரியும் அந்த ஸ்பேனர் வழியே பாயும்.

பழையதைத் தூக்கியதும் பெட்டியின் அடியில் ஒரு மூலையில் பெயிண்ட் செதிலாக எழும்பியிருந்தது; விரலால் தடவினால் வெள்ளைப் பொடி. சோடா மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். நுரைத்தது. நுரை நிற்கும் வரை திரும்பத் திரும்ப ஊற்றிக் கழுவி, காயவைத்து, அமிலம் தாங்கும் பெயிண்ட் அடித்தோம். பெட்டியின் வாயு வெளியேறும் வென்ட் குழாயை ஊதிப் பார்த்ததில் அடைப்பு இல்லை. ஏஜிஎம் என்றாலும் அதிகமாக சார்ஜ் ஆனால் ஹைட்ரஜன் வெளியே வரும், அந்தக் குழாய் திறந்தே இருக்க வேண்டும்.

கேபிள் முனைகளை வெள்ளைப் பொடி போகத் தேய்த்து, பளபளக்கும் வரை சுத்தம் செய்தேன். மாட்டும்போது மெக்கானிக் ஒன்றை மட்டும் இரண்டு முறை சொன்னார்: "வாஷர் லக்குக்கு மேலதான் வரணும், லக்குக்கும் டெர்மினலுக்கும் நடுவுல எதையும் போட்றாதீங்க." லக் என்பது கேபிள் முனையில் உள்ள உலோக வளையம். நடுவில் வாஷர் புகுந்தால் அங்கே மின்தடை ஏறும்; ஸ்டார்ட் செய்யும் ஆம்பியரில் அந்த இடம் சூடேறி டெர்மினலே உருகிவிடும். போல்ட்டை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், கையேட்டில் உள்ள அளவுக்கே இறுக்கினோம். ஈய டெர்மினல் மென்மையானது, கையின் ஊகத்துக்கு விடக்கூடாது. (பழைய பைப்பர் செரோக்கி வைத்திருப்பவர்கள் இந்தச் சாக்கில் கேபிளையும் பாருங்கள். அவற்றில் அலுமினியக் கேபிள் போட்டிருந்தார்கள், முனைகளில் அரித்து ஸ்டார்ட்டையே கெடுக்கும்.)

எஞ்சினை ஓடவிட்டு பஸ் வோல்ட்டேஜ் (விமானத்தின் பொது மின் இணைப்பில் உள்ள வோல்ட்டேஜ்) பார்த்தோம். 14-ஐ ஒட்டி நின்றது. மிகக் குறைவாக இருந்தால் பேட்டரி என்றுமே நிறையாமல் சல்ஃபேட் படியும், அதிகமானால் ஏஜிஎம் வறண்டுபோகும். புதிதை மாட்டும்போது, இந்த வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்காதவர்கள் அதே பணத்தை மறுபடியும் செலவழிக்கிறார்கள்.

இன்னொன்றும் நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மாஸ்டரை அணைக்க மறந்து போய் பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால், வெளியிலிருந்து ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்து பறந்துவிடக் கூடாது. கழற்றி, சார்ஜரில் போட்டு, கப்பாசிட்டி டெஸ்ட் செய்த பிறகுதான் திரும்ப மாட்டுவது. காலி பேட்டரியோடு புறப்பட்டால் அந்த 30 நிமிடம் நம்மிடம் இல்லை.

புது எடையை வைத்து எடை-சமநிலைத் தாளைத் திருத்தி, லாக்புக்கில் எழுதினோம். மாட்டும் முன்பே புது பேட்டரிக்கும் கப்பாசிட்டி டெஸ்ட் செய்திருந்தோம். அந்த நிமிடக் கணக்கை லேபிளில் எழுதி பேட்டரியின் மேலேயே ஒட்டியிருக்கிறேன், அடுத்த ஆண்டு ஒப்பிட வசதியாக.